ஓரணாச் சந்தா: சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் வரவும் செலவும்

1918 ஏப்ரல் 27 அன்று வடசென்னையில் தொடங்கப்பட்ட சென்னைத் தொழிலாளர் சங்கம், இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று பெயர் பெற்றது. அந்தப் பெயருக்கு முக்கியக் காரணம் அது மாதந்தோறும் சந்தா வசூலித்ததுதான். அதற்கு முன்பும் தொழிலாளர் பெயரால் அமைப்புகள் இருந்தன. பம்பாயில் என்.எம். லோகாண்டே 1890இல் அமைத்த ஆலைத் தொழிலாளர் சங்கம் கூட்டங்கள் கூட்டியது. அரசுக்கு மனுக்கள் அனுப்பியது. ஆனால் அதற்கு உறுப்பினர் பட்டியல் கிடையாது, எழுதிவைத்த விதிகள் கிடையாது, நிதியும் கிடையாது. லோகாண்டே என்ற ஒரு மனிதரின் உழைப்பே சங்கமாக இருந்தது. சென்னையில் நடந்தது வேறு. உறுப்பினர் பெயர்கள் பதிவாயின. ஒவ்வொருவரும் மாதம் ஓரணா கொடுத்தனர். துன்பகாலத்துக்கென நிவாரண நிதி ஒன்றும் ஏற்பட்டது.

சங்கத்தின் களம் ஒரே நிறுவனம். பின்னி கம்பெனியின் நிர்வாகத்தில் இருந்த பக்கிங்காம் மில்லும் கர்நாடிக் மில்லும் பெரம்பூரையும் புளியந்தோப்பையும் ஒட்டி இருந்தன. இரண்டும் 1920இல் ஒரே நிறுவனமாக இணைந்தன. அவற்றில் வேலை செய்தவர்கள் ஏறத்தாழ 10,000 பேர். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் அரிசியும் துணியும் விலை ஏறிக்கொண்டே போக, கூலி அந்த வேகத்தில் ஏறவில்லை. மில்லுக்கு அருகில் துணிக்கடை வைத்திருந்த கோ. செல்வபதி செட்டியார் தம் கடைக்கு வரும் தொழிலாளர்களின் குறைகளைக் கேட்டுக் கேட்டு, நண்பர் இராமாநுஜலு நாயுடுவோடு சேர்ந்து, அன்னி பெசன்ட் நடத்திய 'நியூ இந்தியா' பத்திரிகையில் பணியாற்றிவந்த பி.பி. வாடியாவைத் தேடிப் போனார். வாடியா தலைவரானார். அப்போது 'தேசபக்தன்' ஆசிரியராக இருந்த திரு.வி.க. துணைத்தலைவர்களுள் ஒருவரானார்.

பணக்கணக்கை நோக்கிப் படிப்பவர் இந்த நால்வரின் பெயர்களிடையே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவர்களில் எவரும் சங்கத்தின் காசில் பிழைத்தவர் அல்லர். வணிகருக்குக் கடை இருந்தது. பத்திரிகையாளருக்குப் பத்திரிகை இருந்தது. சங்கத்துக்காக அவர்கள் செலவிட்ட நேரமும், எழுதிய மனுக்களும், பேசிய பேச்சுகளும் வரவுப் பக்கத்தில் எழுதப்படவில்லை. ஆனால் அந்த உழைப்புக்கெல்லாம் கூலி கொடுக்க வேண்டியிருந்தால் ஓரணாச் சங்கம் ஓராண்டுகூட நின்றிருக்காது. வெளியார் தலைமை என்று பின்னாளில் குறையாகப் பேசப்பட்ட வழக்கத்துக்குப் பின்னால் இந்தப் பணக்காரணமும் உண்டு. சம்பளம் கொடுத்துச் செயலாளரை வைத்துக்கொள்ள முடியாத சங்கம், சம்பளம் வேண்டாதவரைத் தலைவராக ஏற்றுக்கொண்டது.

ஓரணாவின் அளவைக் கொஞ்சம் கணக்கிட்டுப் பார்க்கலாம். ரூபாய்க்குப் பதினாறு அணா. ஓர் உறுப்பினர் ஆண்டு முழுவதும் தவறாமல் கொடுத்தால் பன்னிரண்டு அணா, அதாவது முக்கால் ரூபாய். மில்லின் 10,000 பேரும் உறுப்பினராகி ஒருவரும் பாக்கி வைக்காமல் கொடுத்தாலும் மாத வரவு 625 ரூபாய், ஆண்டு வரவு 7,500 ரூபாய். இது எட்ட முடியாத உச்சவரம்பு. எந்தச் சங்கத்திலும் எல்லோரும் சேர்வதில்லை. சேர்ந்தவர்களும் எல்லா மாதமும் கொடுப்பதில்லை. ஆகவே உண்மை வரவு இதைவிடக் கணிசமாகக் குறைவாகவே இருந்திருக்கும்.

அதே காலத்தில் பிரிட்டனின் கைத்தேர்ச்சி பெற்ற தொழிலாளர் சங்கங்கள் எந்த அடிப்படையில் நின்றன என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இடைவெளி தெரியும். 1851இல் அமைந்த ஒருங்கிணைந்த இயந்திரப் பொறியாளர் சங்கம் வாரத்துக்கு ஒரு ஷில்லிங் சந்தா வைத்தது. போருக்கு முன் நெடுங்காலம் நிலைத்திருந்த செலாவணி வீதப்படி ஒரு ரூபாய்க்குப் பதினாறு பென்ஸ், ஓர் அணாவுக்கு ஒரு பென்னி. ஷில்லிங் என்பது பன்னிரண்டு பென்ஸ். லண்டனில் ஒரு பொறியாளர் ஒரு வாரத்தில் தம் சங்கத்துக்குக் கொடுத்த தொகையும் பெரம்பூரில் ஒரு நெசவுத் தொழிலாளி ஓராண்டில் கொடுத்த தொகையும் ஒன்றே. அந்தப் பொறியாளரின் கூலி பல மடங்கு அதிகம்; அவரோடு பெரம்பூர்த் தொழிலாளியை ஒப்பிட்டுக் குறை சொல்ல இடமில்லை. ஆனால் பிரிட்டன் சங்கங்கள் நோய்க்கும் வேலையின்மைக்கும் முதுமைக்கும் ஈமச்செலவுக்கும் உதவித்தொகை கொடுத்து, அதனாலேயே உறுப்பினரைக் கட்டிக் காத்தன. மாதம் ஓரணா வாங்கிய சங்கத்தால் அந்த வழியில் போக முடியவில்லை.

அணா அணாவாக வரும் பணத்தைச் சேர்ப்பதற்கே தனி உழைப்பு வேண்டும். சம்பள நாளில் வாங்காவிட்டால் அந்த மாதச் சந்தா போனதுதான். மறுநாளே கடன்காரரும் மளிகைக்காரரும் வீட்டு வாடகைக்காரரும் முந்திக்கொள்வார்கள். ஆலைத் தொழிற்சங்கங்களில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒருவர் ரசீதுப் புத்தகத்தோடு நின்று வசூலிக்கும் வழக்கம் இதனால்தான் வேரூன்றியது. 'கேட் வசூல்' என்று தொழிலாளர் சொல்லும் அந்த முறை நூறாண்டு கடந்தும் மறையவில்லை. வசூலிப்பவர் சக தொழிலாளி. தன் ஷிப்டு முடிந்தபின் நின்று கேட்பவர். சந்தா கொடுக்கும்போதுதான் உறுப்பினர் தன் குறையையும் சொல்வார், சங்கத்தைப் பற்றிய புகாரையும் சொல்வார். வசூல் ஒழுங்காக நடக்கும் சங்கத்தில் தலைமைக்கும் தொழிலாளிக்கும் மாதம் ஒருமுறையாவது நேர்ப்பேச்சு இருந்தது. அந்த ஓரணாவின் பெரிய பயன் இதுவே என்று சொல்லலாம்.

சோதனை விரைவிலேயே வந்தது. 1918 இறுதியிலும் பிறகு 1920 அக்டோபரிலும் மில் நிர்வாகம் கதவடைப்புச் செய்தது. கதவடைப்பு என்றால் வேலையும் இல்லை, கூலியும் இல்லை. இங்கே நிவாரண நிதியின் போதாமை வெளிப்படையாகிறது. ஒரு தொழிலாளிக்கு வாரம் ஒரு ரூபாய் கொடுப்பதாக வைத்துக்கொண்டால்கூட 10,000 பேருக்கு வாரம் 10,000 ரூபாய் வேண்டும். சங்கம் கனவிலும் எட்டாத ஓராண்டு வரவு 7,500. ஆண்டு முழுவதும் ஒரு காசுகூடச் செலவழிக்காமல் சேர்த்துவைத்திருந்தாலும் அது ஆறு நாளைக்குமேல் வராது. ஆகவே இந்தியாவின் தொடக்ககாலச் சங்கங்களில் வேலைநிறுத்த உதவி என்பது கணக்குப் புத்தகத்தில் இருந்து வரவில்லை. கடைக்காரர் கொடுத்த கடன், ஊருக்குத் திரும்பிப் போய் உறவினரோடு இருத்தல், பொதுமக்களிடம் துண்டேந்திப் பெற்ற நன்கொடை ஆகிய மூன்றுமே தொழிலாளியைத் தாங்கின.

1920ஆம் ஆண்டுக் கதவடைப்பின்போது சங்கத்தின் பெட்டியைவிடப் பெரிய அபாயம் நீதிமன்றத்திலிருந்து வந்தது. தொழிலாளர்களைத் தூண்டி ஒப்பந்தத்தை மீறச் செய்தார்கள் என்று பின்னி கம்பெனி வாடியா மீதும் சங்கத்தின் பிற தலைவர்கள் மீதும் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. தலைவர்கள் மேற்கொண்டு தலையிடக் கூடாது என்று நீதிமன்றம் தடையாணை பிறப்பித்தது. இழப்பீட்டுத் தொகையாகத் தொழிற்சங்க வரலாற்று நூல்கள் குறிப்பது 7,000 பவுன். அந்த ஆண்டின் இறுதியில் இருந்த செலாவணிப்படி அது 70,000 ரூபாய்க்குக் குறையாது. மேலே கண்ட உச்சவரம்புக் கணக்கில் வைத்தாலும் 10,000 பேரின் ஒன்பது ஆண்டுச் சந்தாவை அது விழுங்கிவிடும். அதே ஆண்டு டிசம்பரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர்.

வழக்கின் முடிவு தீர்ப்பால் வரவில்லை, உடன்பாட்டால் வந்தது. வாடியா தொழிலாளர் இயக்கத்திலிருந்து விலகிக்கொள்வதென்றும், கம்பெனி இழப்பீட்டை வற்புறுத்துவதில்லை என்றும் 1921 தொடக்கத்தில் ஏற்பாடாயிற்று. வாடியா விலகினார், பிறகு அவர் தொழிற்சங்க வேலைக்குத் திரும்பவேயில்லை. சங்கத்தை நிறுவிய தலைவரை, தொழிலாளர் வாக்களித்து நீக்காமல், அரசு சிறையில் அடைக்காமல், ஒரு பணக்கோரிக்கையால் விலகவைக்க முடிந்தது. இந்தியத் தொழிற்சங்க வரலாற்றில் பணம் இவ்வளவு நேரடியாகச் செயல்பட்ட தருணங்கள் மிகக் குறைவு.

பிரிட்டனில் இருபதாண்டுக்கு முன் இதே பாடம் கற்பிக்கப்பட்டிருந்தது. வேல்ஸ் நாட்டின் டாஃப் வேல் ரயில்வே நிறுவனம் 1900இல் நடந்த வேலைநிறுத்தத்துக்காக ரயில்வே ஊழியர் சங்கத்தின் மீது வழக்குப் போட்டது. சங்கத்தின் நிதியிலிருந்தே இழப்பீடு வசூலிக்கலாம் என்று பிரபுக்கள் சபை 1901இல் தீர்ப்பளித்தது. 23,000 பவுன் இழப்பீடும் அதன்மேல் வழக்குச் செலவும் அந்தச் சங்கத்தின் மீது விழுந்தன. அந்த அதிர்ச்சி தொழிற்கட்சியின் வளர்ச்சிக்கு உரமாயிற்று. 1906இல் சங்க நிதிக்குச் சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது. அந்தப் பாதுகாப்பு பிரிட்டிஷ் தொழிலாளிக்கு இருந்தது, பிரிட்டிஷ் ஆட்சியின் கீழிருந்த சென்னைத் தொழிலாளிக்கு இல்லை. இந்த அநீதியை மத்திய சட்டசபையில் எடுத்துச் சொன்னவர் தொழிலாளர் பிரதிநிதி என்.எம். ஜோஷி. தொழிற்சங்கங்களைப் பதிவு செய்யவும் பாதுகாக்கவும் சட்டம் வேண்டும் என்ற அவருடைய தீர்மானம் 1921 மார்ச்சில் வந்தது. சட்டம் நிறைவேற மேலும் ஐந்தாண்டு பிடித்தது.

அதற்குள் சென்னைச் சங்கம் தன் மிகப் பெரிய தோல்வியைச் சந்தித்தது. 1921இல் கோடையில் தொடங்கி அக்டோபர் வரை நீண்ட வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் இரண்டாகப் பிரிந்தனர். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினர், எம்.சி. ராஜா போன்ற தலைவர்கள் வேலைநிறுத்தத்தை ஆதரிக்கவில்லை. புளியந்தோப்பில் சாதிக் கலவரம் மூண்டது, வீடுகள் எரிந்தன, ஆகஸ்ட் இறுதியில் மீண்டும் துப்பாக்கிச் சூடு நடந்தது. இந்தப் பிளவுக்குச் சாதி முதன்மைக் காரணம். சங்கத்தின் தலைமையில் ஆதிதிராவிடர் குரல் இல்லாததும், அவர்கள்மேல் காலங்காலமாக இருந்த ஒடுக்குமுறையும் அதற்கு அடிப்படை. ஆனால் பணத்தின் பங்கையும் மறைக்கக் கூடாது. சில மாதங்களுக்கு முன்புதான் நீண்ட கதவடைப்பு முடிந்திருந்தது. கையில் நிலமோ, கடன் கொடுக்கும் உறவோ, ஊரில் வீடோ இருந்தவர் கூலியில்லாமல் சில மாதம் தாங்கினார். இவை எதுவுமில்லாத சேரிக் குடும்பம் தாங்க முடியாது. அப்படிப்பட்டவருக்கு முதலில் உதவும் நிதி சங்கத்திடம் இல்லை. எல்லோரிடமும் ஒரே ஓரணா வாங்கிய சங்கம், எல்லோருடைய தாங்கும் சக்தியும் ஒன்றல்ல என்பதற்கு வழி செய்யவில்லை. அந்தக் குறைக்காக, வேலைக்குத் திரும்பியவர்களைப் பழிப்பது நியாயமாகாது.

வேலைநிறுத்தக்காரர் எதை உண்டு வாழ்வது என்ற கேள்விக்கு அந்தக் காலத்தில் வேறொரு பதிலும் இருந்தது. 1918இல் அகமதாபாத் ஆலைத் தொழிலாளர் போராட்டத்தை நடத்திய காந்தி, போராடுகிறவர்கள் பிச்சைக் காசை நம்பக் கூடாது, போராட்டம் முடியும்வரை வேறு நேர்மையான உழைப்பால் சோறு தேடிக்கொள்ள வேண்டும் என்பதை நிபந்தனையாகவே வைத்தார். சபர்மதி ஆசிரமத்தில் நெசவுக்கூடத்தின் அடித்தளத்தை நிரப்ப மணல் சுமக்கும் வேலை அவர்களுக்குக் கிடைத்தது. சுயமரியாதையைக் காக்கும் வழி அது. ஆனால் சில வாரம் நீடிக்கும் போராட்டத்துக்குத்தான் அது பொருந்தும். பல மாதம் ஆயிரக்கணக்கானோருக்கு மாற்றுவேலை தர எந்த நகரத்தாலும் முடியாது.

1926 மார்ச்சில் நிறைவேறி 1927 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த இந்தியத் தொழிற்சங்கச் சட்டம், சங்கத்தின் பணத்துக்கு முதல்முறையாகச் சட்டவடிவம் கொடுத்தது. பதிவு பெற்ற சங்கம் சட்டத்தின் கண்ணில் தனி ஆள்; தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளலாம். தொழில் தகராறில் ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்ற காரணத்துக்காக மட்டும் சங்கத்தின் மீதோ நிர்வாகிகள் மீதோ சிவில் வழக்கு நிற்காது என்று 18ஆம் பிரிவு சொன்னது. வாடியாவை வீழ்த்திய ஆயுதம் இந்தப் பிரிவால் முறிந்தது. ஓரணா உறுப்பினர்கள் சேர்த்துவைக்க முடியாத பெருந்தொகைக்கு ஈடான காப்பை ஒரு சட்டப்பிரிவு கொடுத்தது என்றால் மிகையாகாது.

காப்பு கொடுத்த சட்டம் கட்டுப்பாடும் விதித்தது. சங்கத்தின் பொது நிதியை எவற்றுக்கெல்லாம் செலவிடலாம் என்று 15ஆம் பிரிவு வரிசைப்படுத்தியது. நிர்வாகிகளின் சம்பளமும் படியும், அலுவலகச் செலவும் தணிக்கைச் செலவும், வழக்குச் செலவு, தகராறுகளை நடத்தும் செலவு, தகராறால் இழப்படைந்த உறுப்பினருக்கு ஈடு, இறப்பு, முதுமை, நோய், விபத்து, வேலையின்மை ஆகியவற்றுக்கான உதவி, உறுப்பினரின் கல்விக்கும் சமயச் சடங்குகளுக்கும் ஈமத்துக்குமான செலவு, பத்திரிகை நடத்தும் செலவு என்று அது நீண்டது. இந்தப் பட்டியலைப் படிப்பவருக்குப் பிரிட்டன் சங்கங்களின் வாழ்க்கை கண்முன் தோன்றும். சென்னையின் சிறு சங்கம் ஒன்றின் புத்தகத்தில் இவற்றுள் இரண்டு மூன்று தலைப்புகளில் மட்டுமே தொகை இருக்கும்: அலுவலக வாடகை, துண்டறிக்கை அச்சுக்கூலி, வழக்கு. அரசியலுக்குச் செலவிட வேண்டுமானால் தனி நிதி திரட்ட வேண்டும். அதற்குக் கொடுக்கும்படி எந்த உறுப்பினரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. கொடுக்காதவரை ஒதுக்கவும் கூடாது என்று 16ஆம் பிரிவு விதித்தது. தேர்தல் காலத்தில் சங்கங்கள் கட்சிகளோடு நெருங்கி நின்ற நாட்டில் இது நல்ல விதி. நடைமுறையில் தனி அரசியல் நிதி வைத்த சங்கங்கள் அரிது. தலைவர்களும் தொண்டர்களும் கட்சிக்குச் செய்த வேலை எந்த நிதியிலும் பதிவாகவில்லை.

ஆண்டுதோறும் தணிக்கை செய்த வரவு செலவு அறிக்கையைப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும் என்ற விதிதான் சிறு சங்கங்களை மிகவும் திணற வைத்தது. தொடக்கத்தில் மார்ச் 31இல் முடிந்த கணக்காண்டு, 1964ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் டிசம்பர் 31இல் முடிந்தது. பொருளாளர் பெரும்பாலும் தறியிலோ நூற்பிலோ வேலை செய்கிறவர். பதிவேடு எழுதும் பயிற்சி அவருக்கு ஆலையில் கிடைப்பதில்லை. இந்தச் சிரமத்தை உணர்ந்தே மத்திய அரசின் 1938ஆம் ஆண்டு விதிமுறைகள் தணிக்கையில் சலுகை கொடுத்தன. உறுப்பினர் எண்ணிக்கை 250ஐத் தாண்டாத சங்கத்தின் கணக்கை அதன் உறுப்பினர் இருவரே தணிக்கை செய்யலாம். அப்படியிருந்தும் அறிக்கை அனுப்பாத காரணத்துக்காகப் பதிவை இழந்த சங்கங்கள் நாடெங்கும் ஏராளம். போராட்டத்தில் தோற்று மறைந்த சங்கங்களைப் பற்றிப் பாட்டும் கதையும் உண்டு. படிவம் அனுப்பாமல் மறைந்தவற்றைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

விடுதலையை ஒட்டிச் செலவின் தன்மையே மாறியது. 1947இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் யாழ்ப்பாணத்தில் பிறந்த எஸ்.சி.சி. அந்தோணிப் பிள்ளையின் தலைமையில் நூறு நாள் வேலைநிறுத்தம் ஒன்றை நடத்தியது. அதே ஆண்டில் வந்த தொழில் தகராறுச் சட்டம் சமரச அதிகாரி, தீர்ப்பாயம் என்ற பாதையைத் திறந்துவிட்டது. அதன்பின் சிறு சங்கங்களின் பணம் பெருமளவில் அந்தப் பாதையில் போயிற்று. மனுவுக்குத் தட்டச்சு, சான்றாவணங்களுக்கு நகல், விசாரணைக்குப் போய்வரும் பயணம், கூலியிழந்து சாட்சி சொல்ல வருபவருக்கு ஒருநாள் கூலி ஆகியவை கணக்கில் ஏறின. நல்ல வேளையாக அந்தச் சட்டத்தின் 36ஆம் பிரிவு, எதிர்த்தரப்பின் சம்மதமும் தீர்ப்பாயத்தின் அனுமதியும் இல்லாமல் வழக்கறிஞர் வாதாட முடியாது என்று விதித்தது. தொழிலாளிக்காகச் சங்கத்தின் நிர்வாகியே பேசலாம். இந்த விதி இல்லாதிருந்தால் வழக்கறிஞர் கட்டணத்திலேயே பல சங்கங்கள் மூழ்கியிருக்கும். தொழிற்சட்டத்தில் கைதேர்ந்த முழுநேரச் சங்கத் தலைவர்கள் உருவானதும் இதனால்தான். ஒரே தலைவர் பத்துப் பதினைந்து சிறு சங்கங்களுக்குத் தலைவராக இருப்பார். ஒவ்வொரு சங்கமும் சிறு தொகை கொடுக்கும். எல்லாம் சேர்ந்து அவருடைய குடும்பச் செலவு நடக்கும்.

சந்தா மட்டும் பின்தங்கியே நின்றது. குறைந்தபட்சச் சந்தா என்ற ஒன்றைச் சட்டம் முதன்முதலில் வைத்தது 1960இல். மாதத்துக்கு 25 நயா பைசா, அதாவது நான்கணா. ஓரணாவிலிருந்து நான்கணா வரை வர நாற்பத்திரண்டு ஆண்டு ஆயிற்று. 1969இல் அறிக்கை அளித்த கஜேந்திரகட்கர் தலைமையிலான தேசியத் தொழிலாளர் ஆணையம் அதை ஒரு ரூபாயாக்கச் சொன்னது. அந்த ஒரு ரூபாய் சட்டமானது 2001ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான். அமைப்புசார்ந்த தொழிலாளிக்கு ஆண்டுக்கு 12 ரூபாய், அமைப்புசாராத் தொழிலாளிக்கு 3 ரூபாய், கிராமப்புறத் தொழிலாளிக்கு 1 ரூபாய் என்று அது வகுத்தது. ஆணையம் சொன்ன காலத்தில் ஒரு ரூபாய்க்கு இருந்த மதிப்பு 2001இல் எங்கே இருந்தது என்பதை அந்த ஆண்டுகளில் அரிசி வாங்கியவர் அறிவார்.

சட்டம் விதித்தது குறைந்தபட்சத்தை. சங்கம் விரும்பினால் அதிகம் வாங்கலாம். பெரும்பாலானவை வாங்கவில்லை. ஒரே ஆலையில் இரண்டு மூன்று சங்கங்கள் போட்டியிடும்போது சந்தாவை உயர்த்துகிற சங்கம் உறுப்பினரை இழக்கும் என்ற அச்சம் இருந்தது. எண்ணிக்கைக்குத் தனி மதிப்பு இருந்ததும் இன்னொரு காரணம். 1958இல் நைனிதாலில் கூடிய இந்தியத் தொழிலாளர் மாநாடு சங்க அங்கீகாரத்துக்கு வகுத்த நெறியில், கணக்கெடுப்புக்கு முந்தைய ஆறு மாதத்தில் குறைந்தது மூன்று மாதச் சந்தா செலுத்தியவரே உறுப்பினராகக் கொள்ளப்படுவார் என்று கண்டது. சந்தா ரசீது இவ்வாறு வாக்குச் சீட்டின் மதிப்பைப் பெற்றது. அதனால் உறுப்பினருக்குத் தெரியாமலே அவர் பேரில் யாராவது சந்தா கட்டிக் கணக்குக் காட்டும் பழக்கமும் புகுந்தது. சந்தா மிகக் குறைவாக இருந்ததால்தான் இது சாத்தியமாயிற்று. சந்தா உயர்ந்தால் பொய் உறுப்பினரைக் காட்டுவதும் செலவாகும். சந்தாவை உயர்த்தச் சொன்னவர்களின் வாதங்களில் இது வலுவானது.

குறைந்த சந்தாவால் விழுந்த பள்ளத்தைச் சங்கங்கள் வேறு வரவுகளால் நிரப்பின. ஊதிய ஒப்பந்தம் கையெழுத்தாகி நிலுவைத்தொகை கைக்கு வரும்போது ஒருநாள் கூலி, தீபாவளிக்கு முன் போனஸ் கொடுக்கும் நாளில் ஒரு குறிப்பிட்ட விழுக்காடு, மாநாட்டு நிதி, கட்டட நிதி என்று நன்கொடைகள் வாங்கப்பட்டன. தமிழகத்தின் தொழிற்பேட்டைகளில் சொந்தக் கட்டடம் கட்டிய சங்கங்கள் பலவும் இப்படி வந்த பணத்தில்தான் கட்டின. சங்கம் வாங்கித் தந்த பலனைக் கண்ணால் கண்டவுடன் கொடுப்பதில் தொழிலாளிக்குத் தயக்கம் இல்லை. ஆனால் இந்த வரவு ஒப்பந்தம் வரும் ஆண்டில் வெள்ளமாக வரும், மற்ற ஆண்டுகளில் வறளும். ஒப்பந்தம் இழுபறியாகி, போராட்டம் நீண்டு, பணம் மிகவும் தேவைப்படும் ஆண்டுகளே அந்த வறட்சியான ஆண்டுகள். நிதியின் கால ஒழுங்கு தேவையின் கால ஒழுங்கோடு பொருந்தவேயில்லை.

சம்பளத்திலிருந்தே சந்தாவைப் பிடித்துச் சங்கத்திடம் கொடுக்கும் முறைக்கு ஊதியம் வழங்கல் சட்டத்தின் 1982ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவான இடம் கொடுத்தது. தொழிலாளி எழுத்தில் சம்மதிக்க வேண்டும். சங்கம் பதிவு பெற்றதாக இருக்க வேண்டும். வங்கி, காப்பீடு, அரசுத்துறை நிறுவனங்களில் இந்த முறை சங்கங்களுக்கு நிலையான வரவைத் தந்தது. முழுநேர ஊழியரையும் அலுவலகத்தையும் வைத்துக்கொள்ள முடிந்தது. தனியார் ஆலைகளில் நிலைமை கலவையானது. நிர்வாகத்தின் கையில் இருக்கும் குழாயை நிர்வாகமே அடைக்கவும் முடியும். தகராறு முற்றிய மாதத்தில் பிடித்தம் நின்றால் சங்கம் மறுபடியும் கேட்டுக்குத்தான் போக வேண்டும். கேட் வசூலைக் கைவிட்டுவிட்ட சங்கத்துக்கு அது கடினம். ரசீதுப் புத்தகத்தோடு நிற்கக் கூடிய ஆட்கள் அதற்குள் அந்தப் பழக்கத்தை மறந்திருப்பார்கள். சம்பளப் பிடித்தத்தோடு ஒரு சிறு பகுதியையாவது கையால் வசூலிக்கும் சங்கங்கள் இந்த அனுபவத்திலிருந்து கற்றவை.

பக்கிங்காம் கர்நாடிக் மில் 1996இல் மூடப்பட்டது. ஆலை மூடினால் சங்கத்தின் வரவும் அன்றே நிற்கிறது. கூலி இல்லாதவரிடம் சந்தா கேட்க முடியாது. வேலையோ அப்போதுதான் கூடுகிறது. நிலுவைக் கூலி, பணிக்கொடை, வைப்புநிதி, இழப்பீடு என்று ஒவ்வொன்றுக்கும் ஆவணம் சேர்த்து ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் ஆலையின் சங்கம் தன் நல்ல ஆண்டுகளிலேயே இந்த நாளுக்கென ஒரு தொகையை ஒதுக்கிவைப்பது அவசியம். 15ஆம் பிரிவு அதற்கு இடம் கொடுத்தே இருந்தது.

1926ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத்தொகுப்புக்குள் கரைக்கப்பட்டுவிட்டது. பொது நிதி, அரசியல் நிதி என்ற பிரிவும், ஆண்டறிக்கையும் அதிலும் தொடர்கின்றன. சங்கத்தின் கணக்குப் புத்தகங்களையும் உறுப்பினர் பட்டியலையும் எந்த உறுப்பினரும் பார்வையிடலாம் என்ற பழைய 20ஆம் பிரிவின் உரிமையும் தொடர்கிறது. சங்கச் சட்டத்தில் உறுப்பினர் மிகக் குறைவாகப் பயன்படுத்திய உரிமை இது. சந்தா கட்டுகிற ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது தம் சங்கத்தின் வரவு செலவைக் கேட்டுப் படித்துப் பார்க்க வேண்டும்.

(தொடரும்)